ஐவர் கருத்தும் ஒரு வண்டியும்

(அறிவியல் மன்ற மாணவியர்)

ரோபோ என்றவுடன் திரைப்படங்களில் வரும் எந்திர மனிதனே நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் கை, கால், முகம் ஆகியவை ரோபோவுக்கு இன்றியமையாதவை அல்ல. தன் சுற்றுப்புறத்தை உணர்ந்து, உணர்ந்ததற்கேற்ப முடிவு செய்து, அம்முடிவின்படி இயங்குகின்ற எந்த எந்திரமும் ரோபோதான். உணர்தல், முடிவெடுத்தல், இயங்குதல் ஆகிய மூன்றும் அதன் இலக்கணம். இவற்றுள் நடுவிலுள்ள வேலையை எந்திரம் நொடிப்பொழுதில் செய்துவிடுகிறது. அந்த எந்திரத்தைச் செய்யும் மாணவியர் ஒரு முடிவுக்கு வருவதுதான் வாரக்கணக்கில் நீள்கிறது!

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் நாங்கள் ஐவர் சேர்ந்து நூலகத்துக்கென ஒரு சிறு வண்டி செய்யத் தொடங்கினோம். ஊன்றுகோலுடன் நடக்கும் எங்கள் பள்ளித் தோழி ஒருத்தியின் இரு கைகளும் ஊன்றுகோலைப் பிடித்திருப்பதால், அலமாரியிலிருந்து மேசைக்குப் புத்தகங்களை அவளால் எடுத்து வர முடிவதில்லை. அப்புத்தகங்களை ஏந்திச் செல்வதே வண்டியின் வேலை. வண்டியின் அடியிலுள்ள உணரி தரைமீது அகச்சிவப்புக் கதிரை வீசும். வெளிர் நிறத் தரை அக்கதிரைத் திருப்பி அனுப்பும். தரையில் ஒட்டிய கறுப்புக் கோடு அதை விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கொண்டு வண்டி கோட்டைப் பின்பற்றிச் செல்லும். செய்முறை இவ்வளவுதான். ஐந்து பேர் கூடி ஒரு முடிவுக்கு வரும் முறையோ இதைவிட நுட்பமானது. அதைப் பற்றி நாங்கள் கற்றதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எந்திரம் கற்பிக்கும் முதற்பாடம்

விட்டுக்கொடுத்தல் என்பது மனிதருக்கு மட்டும் உரிய பண்பு என்று நினைக்கிறோம். எந்திரத்தின் உள்ளேயே அது இருக்கிறது. மாணவியர் பயன்படுத்தும் சிறிய மஞ்சள் நிறக் கியர் மோட்டார்கள் கடைகளில் பெரும்பாலும் இரு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்றில் மோட்டார் 48 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். மற்றொன்றில் 120 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். இரண்டாவது வகையில் வேகம் குறைவு. இழுக்கும் வலிமை மிகுதி. ஒரே மோட்டாரில் இரண்டையும் ஒருங்கே கூட்ட முடியாது. அதுபோலவே நெடுநேரம் ஓட வேண்டுமென்று மின்கலங்களைக் கூட்டினால் எடையும் கூடுகிறது. எடை கூடினால் மின்சாரச் செலவும் கூடுகிறது.

ஆகவே, "வேகம் வேண்டும்" என்பவளும் "சுமை தாங்க வேண்டும்" என்பவளும் ஒருவரோடொருவர் சண்டையிடவில்லை. இருவரும் இயற்கை விதியோடு பேரம் பேசுகிறார்கள். இதை உணர்ந்தாலே பாதிச் சினம் தணிந்துவிடும்.

பாதிக்குப் பாதி சரியா?

இருவர் மாறுபட்டால் நடுவில் ஓரிடத்தில் நிற்பதே நியாயம் என்று பலரும் எண்ணுகின்றனர். எந்திரத்தில் அது சில வேளைகளில் நன்மையும், சில வேளைகளில் பெருங்கேடும் செய்யும்.

எடுத்துக்காட்டாக உணரிகளைப் பார்ப்போம். இரண்டு போதும், நிரல் எளிதாக இருக்கும் என்றாள் ஒருத்தி. ஐந்து வேண்டும், இல்லாவிடில் வண்டி வழி தவறியதை அறிய இயலாது என்றாள் மற்றொருத்தி. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கோட்டின் இருபுறமும் இரண்டு உணரிகளை வைத்தால், வண்டி நேராகச் செல்லும்போது இரண்டும் வெளிர் தரையையே காணும். கோட்டை முற்றிலும் தவறவிட்டபோதும் அதையேதான் காணும்! மூன்று உணரிகளை வைத்தாலோ, நேராகச் செல்லும்போது நடு உணரி கறுப்பைக் காணும். மூன்றும் வெளிர் நிறத்தைக் கண்டால் வழி தவறியது என்று பொருள். நிரலும் எளிது, வழி தவறியதும் தெரிகிறது. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பதால் மூன்று சரியாகிவிடவில்லை. இருவரின் தேவையையும் நிறைவு செய்ததால்தான் அது சரியாயிற்று.

இனி மின்கலங்களைப் பார்ப்போம். மீண்டும் மின்னேற்றக்கூடிய கலங்கள் வேண்டும் என்றாள் ஒருத்தி. அவை நெடுங்காலம் உழைக்கும், ஆனால் கலங்களின் எண்ணிக்கையும் எடையும் கூடும். சாதாரணக் கலங்கள் சிலவே போதும், வண்டி இலேசாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. "பாதி அது, பாதி இது" என்று இரு வகையையும் தொடராக இணைத்தால் என்ன ஆகும்? ஆற்றல் குறைந்த கலம் முதலில் தீர்ந்துபோகும். மற்றவை அதன் வழியாக மின்னோட்டத்தை வலிந்து செலுத்தும். அது சூடேறும், கசியும், கெடும். எனவேதான் பழைய கலத்தையும் புதிய கலத்தையும், வெவ்வேறு வகைக் கலங்களையும் கலந்து போடக்கூடாது என்பர். இருவருக்கும் நியாயமாகத் தோன்றும் நடுவழி இங்கே இருவருக்கும் நட்டமாகிறது.

இந்த வேறுபாட்டை அழகாக விளக்கியவர் அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் (1868-1933) அம்மையார். கருத்து மாறுபாட்டைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு என்றார் அவர். ஒன்று, ஒருவர் மற்றவரை அடக்குவது. இரண்டு, இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் இழப்பது. மூன்று, இருவர் விருப்பமும் நிறைவேறும் புதுவழியைக் காண்பது. இதற்கு அவர் தரும் சான்று எளியது. நூலக அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையார் மூட விரும்பினார். முடிவில், ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தனர். அவருக்கு வேண்டியது நல்ல காற்று. அம்மையாருக்கு வேண்டியதோ, வாடைக்காற்று நேரே தம்மீது வீசாதிருப்பது. "என்ன வேண்டும்?" என்று கேட்டவரை பகை, "எதற்காக வேண்டும்?" என்று கேட்டதும் வழி பிறந்தது.

வாக்கெடுப்பின் வலை

"கை தூக்கிப் பார்த்துவிடுவோமே!" என்பது நம் வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் குரல். வாக்கெடுப்பு விரைவானது, நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலும் ஒரு வலை உண்டு.

வண்டிக்கு மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா, பீரங்கி வண்டிக்கு இருப்பது போன்ற பட்டையா என்று மூன்று மாணவியர் முடிவு செய்வதாகக் கொள்வோம். முதலாமவளின் விருப்ப வரிசை: மூன்று, நான்கு, பட்டை. இரண்டாமவளுக்கு: நான்கு, பட்டை, மூன்று. மூன்றாமவளுக்கு: பட்டை, மூன்று, நான்கு. இப்போது இரண்டிரண்டாக வாக்கெடுத்துப் பாருங்கள். மூன்று சக்கரம் நான்கை வெல்லும். நான்கு பட்டையை வெல்லும். ஆனால் பட்டை மூன்று சக்கரத்தை வென்றுவிடும்! ஒவ்வொரு முறையும் இருவர் ஒரு பக்கம், ஒருத்தி மறுபக்கம். வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். எதை முதலில் வாக்குக்கு விடுகிறோமோ அதைப் பொறுத்து முடிவு மாறும். இவ்விந்தையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

வாக்கு எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதைத்தான் சொல்லும். ஏன் விரும்புகின்றனர் என்பதைச் சொல்லாது. உல்லாசப் பயணத்துக்கு எங்கே போவது என்பதற்கு வாக்கெடுப்பு போதும். சக்கரம் வழுக்குமா வழுக்காதா என்பதை வாக்கால் தீர்க்க முடியாது. ஓட்டிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

அளவுகோல் முதலில், வடிவம் பிறகு

பொறியாளர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. அதை உருவாக்கியவர் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஸ்டூவர்ட் பியூ. எந்த வடிவம் நல்லது என்று பேசுமுன், நல்லது என்பதற்கு எவை அளவுகோல் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு வடிவத்தை ஒப்புநோக்குக்காக நடுவில் நிறுத்த வேண்டும். மற்ற ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுகோலிலும் அதைவிட மேலானதா, தாழ்ந்ததா, ஒத்ததா என்று கூட்டல் குறி, கழித்தல் குறி, சமக்குறி இட வேண்டும். குறிகளை எண்ணி வெற்றி தோல்வி அறிவிப்பது இதன் முழுநோக்கம் அன்று. ஒரு வடிவத்தின் கழித்தல் குறியை, மற்றொன்றின் நற்கூறைக் கடன் வாங்கிக் கூட்டலாக மாற்ற முடியுமா என்று தேடுவதே இதன் சிறப்பு.

அளவுகோல்களை யாரிடம் கேட்பது? யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம்தான். வேகம், சுமை என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, எங்கள் தோழியோ இரண்டையும் பெரிதாகக் கேட்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடி எடுக்கும் உயரத்தில் தட்டு இருக்க வேண்டும். புத்தகத்தை எடுத்து முடிக்கும்வரை வண்டி அசையாது நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஓசையின்றி வந்து அச்சுறுத்தக் கூடாது. இவையே அவள் கேட்டவை.

தட்டு உயர்ந்தால் வண்டி கவிழ்ந்துவிடும் அச்சம் எழுகிறது. கவிழாதிருக்க அடிப்பாகம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் எடை மிகுதி என்று ஒதுக்கப்பட்ட கலங்களே இப்போது வேண்டப்பட்டவை ஆயின! அவற்றை அடித்தட்டில் வைத்தால் வண்டி நிலையாக நிற்கிறது. வேகமும் தானாகவே வழக்கிலிருந்து விலகியது. மின்கல வழக்கில் யாரும் தோற்கவில்லை.

பேசாதவர் கருத்து

குழுவில் உரக்கப் பேசுபவர் கருத்தே வெல்வது வழக்கம். மூத்த வகுப்பு அக்காமார் பேசிய பிறகு ஒன்பதாம் வகுப்புத் தங்கை வாய் திறப்பாளா? இதற்கு ஓர் எளிய வழி, பேசத் தொடங்குமுன் அனைவரும் தத்தம் கருத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிவிடுவது. எங்கள் குழுவில் ஆக இளையவள் எழுதிய சீட்டில் இருந்தது ஒரே வரி: நூலகத் தரையின் ஓரத்தில் கறுப்புக் கரை ஓடுகிறதே, வண்டி அதைக் கோடு என்று எண்ணிவிடாதா? கரை குறுக்கிடும் இடத்தில் வெள்ளை நாடா ஒட்டி, அதன்மேல் கோட்டை ஒட்டும் யோசனை அதிலிருந்து பிறந்தது.

விட்டுக்கொடுத்தலும் விட்டுக்கொடுக்கக் கூடாததும்

பெரியோர் எவ்வாறு முடிவெடுத்தனர் என்பதற்கு விண்வெளி வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. 1961, 1962-ஆம் ஆண்டுகளில் சந்திரனில் மனிதரை இறக்கும் வழி பற்றி அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் பெரும் வாதம் நடந்தது. தாய்க்கலத்தைச் சந்திரனைச் சுற்றவிட்டு, சிறு கலத்தில் மட்டும் இறங்கலாம் என்று பொறியாளர் ஜான் ஹூபோல்ட் விடாது வற்புறுத்தினார். ராக்கெட் மேதை ஃபான் பிரௌனின் குழுவினரோ, பூமியைச் சுற்றும் பாதையில் கலங்களை இணைத்துப் புறப்படும் வழியை ஆதரித்தனர். ஆயினும் 1962 ஜூன் 7 அன்று ஃபான் பிரௌன், காரணங்களை எடைபோட்டு, மாற்று வழியே சிறந்தது என்று அறிவித்தார். அவ்வழியிலேயே 1969-இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நில்லாமை அவருடைய பெருமை.

மற்றொன்று துயர நிகழ்ச்சி. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மறுநாட்காலைக் குளிரில் ஏவ வேண்டாம், ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடக்கூடும் என்று அதன் பொறியாளர்கள் எச்சரித்தனர். முதலில் ஏற்கப்பட்ட அந்த அறிவுரையை மேலாளர்கள் பின்னர் மாற்றினர். மறுநாள் ஏவிய 73 நொடிகளில் கலம் சிதறி எழுவர் மாண்டனர். ஒற்றுமைக்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம். அளந்து கண்ட உண்மையையும் பிறர் உயிர்ப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கலாகாது. சிறு வண்டியிலும் இதுவே நியதி. வண்ணத்தில் விட்டுக்கொடுக்கலாம், பெயரில் விட்டுக்கொடுக்கலாம். மின்கம்பியின் காப்புறையில் விட்டுக்கொடுக்கலாகாது.

நாங்கள் கண்ட நெறிகள்

1. பேசுமுன் எழுதுக. இளையவர் முதலில் பேசுக.
2. "என்ன வேண்டும்" என்பதோடு "எதற்காக வேண்டும்" என்பதையும் கேட்க.
3. சோதித்து அறியக் கூடியதை வாதிட்டுத் தீர்க்க முயலற்க. அட்டைப் பெட்டியில் செய்த மாதிரி ஒன்று ஒருமணி நேரப் பேச்சுக்கு மேலானது.
4. முடிவுக்கு நாள் குறிக்க. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்.
5. ஏற்கப்படாத கருத்தையும் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைக்க. சோதனையில் தேர்ந்தெடுத்த வழி தவறினால், திரும்பிப் பார்க்க அது உதவும். கருத்துக் கூறியவளுக்கும் தன் சொல் வீணாகவில்லை என்ற மனநிறைவு தரும்.
6. முடிவு செய்தபின், எதிர்த்தவரும் அதைத் தம் முடிவாகவே கருதி உழைக்க.

தோழியரே, நாளை நாம் அலுவலகத்திலும் ஊர்ச்சபையிலும் இல்லத்திலும் பலரோடு கூடி முடிவெடுக்க வேண்டியவர்கள். அங்கே ஐவர் அல்ல, ஐம்பதின்மர் இருக்கலாம். விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பது நம் நாட்டுப் பழக்கச் சொல். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: எதை விட்டுக்கொடுக்கிறோம், எதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து விட்டுக்கொடுப்பவர், தாமும் கெடுவதில்லை, தம்மை நம்பியவரையும் கெடுப்பதில்லை.