ஜி.பி.எஸ். ஏற்பியும் கம்பியில்லா ரூட்டரும்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் பள்ளத்தாக்கின் வழியே செல்லும் சாலை ஆனைகட்டியில் கொடுங்கரைப்பள்ளத்தை அடைகிறது. இக்கரை தமிழ்நாடு, அக்கரை கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த அட்டப்பாடி. காட்டு யானைகள் இவ்வெல்லையை அறியா. ஆனால், அவற்றைப் பற்றி அறிக்கை எழுதும் பணியாளருக்கு எல்லை உண்டு. யானை நின்ற இடம் இருநூறு மீட்டர் பிசகிக் குறிக்கப்பட்டால், சம்பவம் அடுத்த மாநிலத்தில் நிகழ்ந்ததாகிவிடலாம். பயிரிழந்த குடியானவர் நஷ்டஈடு கோரி எந்த வனச்சரக அலுவலகத்தின் படியேறுவது என்பதும் அக்குறிப்பைப் பொறுத்ததே.

ஜீப்பிலோ காவற்கூடத்திலோ உள்ள ரூட்டருடன் ஜி.பி.எஸ். ஏற்பியை இணைத்துவிட்டால், காமிராக்களும் பிற கருவிகளும் அனுப்பும் குறிப்புகளோடு இடமும் நேரமும் தாமாகவே பதிவாகும். நேரமும் அற்பமான விஷயமன்று. சிறு ரூட்டர்கள் பலவற்றில் கடிகாரத்திற்கெனத் தனி மின்கலம் இல்லாமையால், மின்சாரம் நின்று மீண்டதும் அவை பழைய தேதியையே காட்டும்.

இவ்வேலையில் கம்பிகளைச் சேர்ப்பது எளிது. இரண்டையும் பகையின்றி வைப்பதே கடினம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. அவை 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பும் அலை தரையை அடையும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் அளவே ஏறக்குறைய எஞ்சும். இது இயற்கையான வெப்ப இரைச்சலுக்கும் தாழ்ந்தது. ஒவ்வொரு செயற்கைக்கோளின் குறித்தொடரையும் ஏற்பி முன்னரே அறிந்திருப்பதால்தான், திருவிழாக் கூட்டத்தில் தாயின் குரலைக் குழந்தை இனங்காண்பது போல, அதனைப் பிரித்தெடுக்கிறது. ரூட்டரோ அருகிலேயே பத்தில் ஒரு வாட் அளவு ஆற்றலை வீசிக்கொண்டிருக்கிறது.

ரூட்டர் 2400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குவதால் இடையூறு நேராது என்று கருதுவோர் உண்டு. இது பாதியளவே சரி. அதிர்வெண் வேறாயினும், பலமான அலை ஏற்பியின் முன்னணிப் பெருக்கியைத் திணறச் செய்யக்கூடும். அதைவிடப் பெரிய தொல்லை ரூட்டரின் உட்புறத்திலிருந்தே எழுகிறது. பல ரூட்டர்களின் கடிகாரப் படிகம் 25 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அதன் 63-ஆவது மடங்கு 1575 மெகாஹெர்ட்ஸ்! மின்வழங்கியும் நினைவகமும் தம் பங்குக்கு இரைச்சலைப் பரப்புகின்றன. ஆகவே ரூட்டரின் பெட்டிக்குள்ளேயே ஏற்பியை அடைத்து வைப்பது பார்வைக்கு நேர்த்தியாயினும் விவேகமன்று.

இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும்: மின்சாரம், நிலக்கம்பி, அனுப்புகம்பி, பெறுகம்பி. ஏற்பியின் அனுப்புகம்பி ரூட்டரின் பெறுமுனையில் சேரவேண்டும். ரூட்டரின் உள் தொடர்முனை பெரும்பாலும் 3.3 வோல்ட் அளவினது; 5 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட குறிப்பலை தரும் பழைய ஏற்பியை நேரே இணைத்தால் முனை கெட்டுவிடலாம். இன்னொரு கண்ணியும் உண்டு. ரூட்டர் விழித்தெழும் சில வினாடிகளில் அம்முனையில் ஏதேனும் எழுத்து வந்தால், யாரோ விசைப்பலகையைத் தட்டியதாகக் கருதித் துவக்க நிரல் அங்கேயே நின்றுவிடக்கூடும். ஏற்பியோ வினாடிதோறும் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் உயிர் பெறாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யு.எஸ்.பி. முனை இருப்பின் அதன் வழியே இணைப்பது மேல், ஆனால் யு.எஸ்.பி. 3.0 இணைப்பு தானே வானொலி இரைச்சல் எழுப்புவது என்பதால் 2.0 முனையைத் தேர்தல் நலம்.

இடையூறு எங்கிருந்து வருகிறது என்பதைச் சோதித்தறியலாம். பள்ளி மாணவர்க்கும் இது நல்ல பரிசோதனை. ஏற்பிக்குத் தனி மின்கலம் கொடுத்து, திறந்த வெளியில், ஒவ்வொரு செயற்கைக்கோளின் அலைவலிமை எண்ணையும் குறித்துக்கொள்க. 40 டெசிபெல்-ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் நன்று. 30-க்குக் கீழ் மோசம். பின்னர் ரூட்டரை அருகில் வைத்து, வைஃபையை மட்டும் நிறுத்தி இயக்குக. எண்கள் இப்போதே சரிந்தால் குற்றவாளி கடிகாரமோ மின்வழங்கியோ ஆகும். வைஃபையை இயக்கிய பின்னரே சரிந்தால் அலைப்பெருக்கமே காரணம். இடையிடையே ரூட்டரை நிறுத்தி முதல் எண்கள் திரும்புகின்றனவா எனப் பார்த்தல் அவசியம். செயற்கைக்கோள்கள் நகர்வதாலும் எண்கள் மாறும்.

பரிகாரம் பெரும்பாலும் தூரமே. காந்த அடியுள்ள ஏரியலை ஜீப்பின் கூரையில் பதித்து, ரூட்டரை இருக்கைக்கடியில் வைத்தால், கூரைத் தகடே இரண்டுக்குமிடையே திரையாகிறது. கட்டிடத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுக. மின்கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் பயன்தரும். மலைகள் வானத்தின் ஒரு பகுதியை மறைக்கும் ஆனைகட்டியில் எஞ்சிய செயற்கைக்கோள்களை இரைச்சலுக்குப் பலிகொடுக்க இடமில்லை.

வனப்பணியாளரின் வாக்கி-டாக்கியையும் மறத்தலாகாது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் கருவிகளில் 157.5-ஐ ஒட்டிய அலைவரிசையின் பத்தாம் மடங்கு ஜி.பி.எஸ். அலைமீதே விழுகிறது. பேசும்போதெல்லாம் இடக்குறிப்பு தடுமாறினால் முதலில் இதனை ஐயுறுக.

நமது நாட்டின் நாவிக் ஏற்பிகளுக்கு வேறொரு கவலை. அதன் எஸ் அலைவரிசை 2492.028 மெகாஹெர்ட்ஸ், 2483.5-இல் முடியும் வைஃபை எல்லைக்கு அடுத்த வீடு போன்றது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதலாக 1575.42 மெகாஹெர்ட்ஸிலும் நாவிக் அலை அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. புதிய ஏற்பி வாங்குவோர் அது எந்த அலைவரிசையை ஏற்பது என்பதை வாங்குமுன் விசாரித்தல் வேண்டும்.