வீட்டிலிருந்து கல்லூரிக்கா, விடுதியிலிருந்தா?

1854இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 1885இல் நிறுவப்பெற்ற பெர்குசன் கல்லூரி, 1949இல் உருவான பல்கலைக்கழகம் ஆகியவை புனேயை மாணவர் நகரமாக்கின. சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இங்கு தங்குமிடமே கல்வியின் முதற்படி. அவர்களுக்கு விடுதி வசதி அளிப்பதற்காகவே 1955இல் அச்யுத்ராவ் ஆப்டே வித்யார்த்தி சகாயக் சமிதியைத் தொடங்கினார்.

நகருக்குள்ளேயே வீடுள்ள குடும்பங்களின் நிலை வேறு. சிஞ்ச்வடில் பெற்றோர் வசிக்க, சிவாஜிநகர்க் கல்லூரியில் இடம் பெற்ற மகன் அல்லது மகள் தனியே தங்க வேண்டுமா என்பது அவர்கள் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்று.

முதலில் பணக் கணக்கு. தங்கவும் உண்ணவும் மாதம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 3,60,000 ரூபாய். கல்விக் கடனில் விடுதி, உணவுச் செலவுகளையும் சேர்க்கலாம். ஆண்டுத் தொடக்கந்தோறும் 1,20,000 ரூபாய் வீதம் 9 விழுக்காடு தனிவட்டியில் பெற்று, படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் எதுவும் செலுத்தாதிருப்பின், வட்டி மட்டும் 97,200 ரூபாய் சேரும். அது அசலோடு கூடி 4,57,200 ரூபாயாக நிற்கும். இந்தச் சுமை பிள்ளையின் முதல் ஊதியத்தின் மீது விழும் என்பதால், முடிவெடுக்கும் பேச்சில் பிள்ளைக்கும் இடம் வேண்டும். படிப்புக் காலத்திலேயே வட்டியைச் செலுத்தி வந்தால் சுமை பெருகாது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தோருக்கு, செலுத்தும் வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை கழிவும் உண்டு.

அடுத்து நேரக் கணக்கு. நாள்தோறும் போக வர 2 மணி நேரமாயின், 200 கல்லூரி நாள்களில் 400 மணி நேரம் சாலையில் கழியும். எனினும் 2024 செப்டம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் முதல் ஸ்வார்கேட் வரையிலான மெட்ரோ தடம் முழுமை பெற்றது. சிவாஜிநகர் அதன் வழியில் உள்ளது. வனாஸ்-ராம்வாடி தடம் டெக்கான் ஜிம்கானா வழியே செல்கிறது. இத்தடங்களின் அருகே வசிப்போர் பழைய பயண நேரத்தை வைத்து முடிவெடுத்தல் பொருந்தாது. மெட்ரோ தொடாத பகுதியினர், ஆய்வக வகுப்பு மாலை வரை நீளும் நாள்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

தனியே தங்குவதென முடிவானால் இரண்டைக் கவனியுங்கள். கல்லூரிக்கு வெளியேயுள்ள விடுதியில் மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாள்களேனும் தங்கினால், 2024 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ரசீதில் அவ்வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். நண்பர்களோடு வீடெடுப்பின், மகாராஷ்டிரச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும். அப்பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. முன்பணத்தைத் திரும்பப் பெறும் முறையும் அதில் இடம்பெறட்டும்.

சமைத்தலும், துணி துவைத்தலும், மாதப் பணத்தை மாதக் கடைசி வரை நீட்டித்தலும் தனியே தங்குவோர் கற்கும் பாடங்கள் என்பது மெய்யே. அவற்றுள் பலவற்றை வீட்டிலும் கற்பிக்கலாம்: மாதச் செலவுத் தொகையை மாணவரின் சேமிப்புக் கணக்கில் செலுத்தி, பயணம், உணவு, புத்தகச் செலவுகளை அவரே நடத்தச் செய்யுங்கள். முதலாண்டை வீட்டிலிருந்தே கழித்து, பயணமும் படிப்பும் எவ்வாறு அமைகின்றன என்று கண்டபின் இடம் மாறுவதும் ஒரு வழியே. விடுதிச் செலவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்காது, சேர்க்கைக்கு முன்பே கல்விக் கட்டணத்தோடு ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.