நான்சென் கடவுச்சீட்டு

1921-இல் சோவியத் அரசு குடியுரிமையைப் பறித்துவிட்டதால், எந்த ராஜ்யத்துக்கும் பிரஜைகளாக இல்லாமல், எல்லையைக் கடக்க ஒரு பத்திரமுமின்றி அயல்நாடுகளில் தவித்த லட்சக்கணக்கான ருஷ்ய அகதிகளுக்காக, துருவப் பிரயாணியும் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையருமான நார்வே நாட்டுப் பிரித்யோப் நான்சென் முயன்று, 1922 ஜூலையில் ஜினீவா மகாநாட்டில் அங்கீகாரம் பெற்றுத் தந்த அடையாளப் பத்திரம் இது. 1924-இல் ஆர்மீனியருக்கும் கிடைத்தது.

வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையை இது ஆரம்பத்தில் அளிக்கவில்லை என்பது பெருங்குறையே. ஆயினும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் இதனை மதித்து ஏற்றன.

பிற்காலத்தில் இதன்மேல் ஒட்டப்பட்ட, நான்சென் உருவம் தாங்கிய முத்திரைத்தலையின் விலை ஐந்து பொன் பிராங்கு. வசதி படைத்த அகதிகள் செலுத்திய அத்தொகை வறிய அகதிகளின் சகாயத்துக்குச் சென்றது.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 28-ஆம் விதி வகுத்த பிரயாணப் பத்திரம் இதன் வழிவந்ததே.