மாட்டுக்கு மடிநோயா? வீட்டிலேயே இருக்கு மருந்து!

கறவை மாடு வைத்திருப்பவர்களைத் தூங்க விடாத நோய் மடிநோய். நேற்று வரை நல்லா கறந்த மாடு, இன்று காம்பில் கை வைத்தாலே உதைக்கும். மடி வீங்கி, சூடாக, கல்லு மாதிரி இருக்கும். பால் திரிதிரியாக வரும். சில மாட்டுக்கு ரத்தமும் கலந்து வரும். கவனிக்காமல் விட்டால் அந்தக் காம்பே அடைந்து போய்விடும். அப்புறம் மாட்டுக்குச் சந்தையிலும் விலை இருக்காது.

இதற்குக் கிராமத்துப் பெரியவர்கள் பயன்படுத்தி வந்த மூலிகை வைத்தியத்தை அளவோடு முறைப்படுத்தி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது.

தேவையான பொருட்கள்

சோற்றுக்கற்றாழை - 250 கிராம்
மஞ்சள் தூள் - 50 கிராம்
சுண்ணாம்பு - 15 கிராம்

செய்முறை

கற்றாழையை முள் நீக்கி, தோலோடு துண்டு துண்டாக நறுக்கி, மற்ற இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால் கலவை சிவப்பாக மாறும். நோய் உள்ள காம்பில் இருக்கும் பாலை முழுசாகக் கறந்து எடுத்துவிட்டு, மடியை நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு கைப்பிடி கலவையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடி முழுவதும் தடவ வேண்டும்.

ஒரு தடவை பூசினால் போதாது. ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாட்களுக்குப் பூச வேண்டும். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். தினம் 2 எலுமிச்சம்பழம் வீதம் 3 நாளைக்குத் தின்னக் கொடுக்கலாம். பாலில் ரத்தம் வந்தால் 2 கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து காலை, மாலை கொடுக்கலாம்.

சுண்ணாம்பு அதிகமானால் மடி வெந்துவிடும், உஷார்!

எப்போது டாக்டர்?

வீக்கம் தெரிந்த அன்றே பூச ஆரம்பித்தால்தான் பலன். மாடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு படுத்துக் கிடந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். ஊசி போட்டால், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது.

வராமல் தடுக்க

கறந்து முடித்ததும் காம்புத் துளை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அப்போது மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே புகுந்துவிடும். அதனால் கறந்த உடனே தீனி போட்டு அரை மணி நேரமாவது மாட்டை நிற்க வைக்க வேண்டும். நோய் கண்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும். கறக்கும் முன்பும் பின்பும் கையை சோப்பு போட்டுக் கழுவினாலே பாதி நோய் கிட்ட வராது.