பிளே ஸ்டேஷனுக்குப் போகும் 'ஹாலோ'... எக்ஸ்பாக்ஸ் இனி என்ன ஆகும்?

'நீ எக்ஸ்பாக்ஸா, பிளே ஸ்டேஷனா?'

வீடியோ கேம் ஆடுபவர்கள் மத்தியில் இது 'ரஜினியா, கமலா?' மாதிரியான கேள்வி. இருபது வருடங்களுக்கும் மேலாக ஓடும் இந்தச் சண்டையில், 2025 அக்டோபரில் ஒரு தரப்பு கிட்டத்தட்ட கொடியை இறக்கிவிட்டது. 'ஹாலோ' கேமின் புதுப்பிக்கப்பட்ட வடிவம் 2026-ல் பிளே ஸ்டேஷன் 5-லும் வெளியாகும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

கேம் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் முதல் எக்ஸ்பாக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதே நாளில், அதற்கென்றே வந்த கேம்தான் ஹாலோ. அதை ஆடுவதற்காகவே எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் ஏராளம். அந்த கேமையே போட்டியாளரின் கடையில் விற்கிறார்கள் என்றால், 'எக்ஸ்பாக்ஸ் என்ற பெட்டியை இனி எதற்கு வாங்க வேண்டும்?' என்ற கேள்வி வரத்தானே செய்யும்!

பெட்டியில் லாபம் இல்லை!

கன்சோல் வியாபாரம் பிரின்டர் வியாபாரம் மாதிரி. பிரின்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு, இங்க்கில் காசு பார்ப்பார்கள் இல்லையா? அதேதான். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் தங்களுக்கு ஒருபோதும் லாபம் வந்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். எபிக் கேம்ஸுக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் வெளிவந்த தகவல் இது.

பணம் வருவது கேம்களில் இருந்து. யாரோ ஒருவர் தயாரித்த கேம் எக்ஸ்பாக்ஸ் ஸ்டோரில் விற்றால், பொதுவாக 30 சதவிகிதம் மைக்ரோசாஃப்டுக்கு. பிளே ஸ்டேஷனில் விற்றால் சோனிக்கு. ஆக, டி.வி-க்குக் கீழே யாருடைய பெட்டி இருக்கிறதோ அவருக்குத்தான் வாடகை. பெட்டி விற்பனை படுத்தால் வாடகையும் படுத்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் பெட்டி இப்போது படுத்திருக்கிறது. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் ஹார்டுவேர் வருமானம், முந்தைய ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட்டால் 29 சதவிகிதம் சரிவு. பிளே ஸ்டேஷன் 5 எட்டு கோடியைத் தாண்டி விற்றிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது? அந்த எண்ணிக்கையைச் சொல்வதை மைக்ரோசாஃப்ட் 2015-லேயே நிறுத்திவிட்டது. ரேங்க் கார்டை ஒளித்துவைக்கும் பையனின் மார்க் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

செகா சொல்லும் முன்கதை

இதே இடத்தில் 2001-ல் இன்னொரு நிறுவனம் நின்றது. 'சோனிக்' நீல முள்ளெலியைக் கொடுத்த ஜப்பானின் செகா. அதன் 'ட்ரீம்காஸ்ட்' 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தபோது, முதல் 24 மணி நேரத்தில் 2.25 லட்சம் பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. இணைய இணைப்புக்கான மோடம் உள்ளேயே இருந்த கன்சோல். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால், அடுத்த வருடமே சோனியின் பிளே ஸ்டேஷன் 2 வந்தது. அதில் டி.வி.டி படமும் பார்க்கலாம் என்றதும், 'கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கிக்கலாம்' என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். பெரிய கேம் நிறுவனமான ஈ.ஏ, ட்ரீம்காஸ்ட்டுக்கு கேமே தரவில்லை. ஏற்கெனவே முந்தைய கன்சோலில் கையைச் சுட்டுக்கொண்ட செகாவிடம், இன்னொரு நஷ்டத்தைத் தாங்கப் பணம் இல்லை. 2001 ஜனவரி 31 அன்று, கன்சோல் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. மொத்தம் விற்றவை சுமார் 91 லட்சம்.

அப்போது செகாவின் தலைவராக இருந்தவர் இசாவோ ஒகாவா. தான் கொடுத்த கடன்களைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் நிறுவனத்துக்கே கொடுத்தார். மொத்த மதிப்பு சுமார் 69.5 கோடி டாலர். 2001 மார்ச்சில் அவர் இறந்துபோனார். அந்த வருடம் முடிவதற்குள், பரம எதிரியாக இருந்த நின்டெண்டோவின் கருவியில் சோனிக் ஓட ஆரம்பித்தது. ரசிகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை இப்போதைய ஹாலோ ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

செகா அழிந்துவிட்டதா என்றால், இல்லை. எல்லோருடைய கன்சோலுக்கும் கேம் செய்து பிழைத்துக்கொண்டது. சோனிக் சினிமாவிலும் வந்தது. 2023-ல் நம் வீட்டுக் குழந்தைகள் விளையாடித் தீர்த்த 'ஆங்ரி பேர்ட்ஸ்' நிறுவனமான ரோவியோவையே செகா வாங்கியது. ஆனால் செகா பெயரில் புதுத் தலைமுறை கன்சோல் எதுவும் பிறகு வரவில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம். அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட்டுக்கு மூடுவிழா நடத்திய பீட்டர் மூர், 2003-ல் சேர்ந்த இடம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவு. அங்கே எக்ஸ்பாக்ஸ் 360-ல் பவர் பட்டனைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போகும் பிரச்னை வந்தது. வாரன்டியை நீட்டித்து, பழுதானவற்றைச் சரிசெய்து கொடுக்க 100 கோடி டாலருக்கு மேல் 2007-ல் ஒதுக்கினார்கள். செகாவிடம் அந்தப் பணம் இருந்திருந்தால் கதையே வேறு. அந்த 360 கடைசியில் 8.4 கோடி விற்றது.

எங்கே சறுக்கியது?

என் பார்வையில் 2013-ல். எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், பிளே ஸ்டேஷன் 4 வெறும் 399 டாலர். அறிமுக விழாவில் கேமை விட டி.வி பார்ப்பதைப் பற்றி அதிகம் பேசினார்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு, தினமும் ஒருமுறை இணையத்தில் இணைய வேண்டும் என்றெல்லாம் சொல்லி, திட்டு வாங்கி, பின்வாங்கினார்கள். சோனி தங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விற்றதை, 2022-ல் பிரேசில் அரசு அமைப்பிடம் கொடுத்த ஆவணத்தில் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது.

போகட்டும், அடுத்த ரவுண்டில் பிடித்துக்கொள்ளலாமே? அதுதான் முடியவில்லை. எக்ஸ்பாக்ஸ் பிரிவுக்குத் தலைமை வகித்த பில் ஸ்பென்சர் 2023-ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: தோற்கவே கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம். மக்கள் டிஸ்க்கை விட்டுவிட்டு டிஜிட்டலாக கேம்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய காலம் அது. பிளே ஸ்டேஷனில் ஐம்பது கேம் வாங்கி வைத்திருப்பவர், அதையெல்லாம் விட்டுவிட்டு எப்படிக் கட்சி மாறுவார்?

அதனால் மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள் தரும் 'கேம் பாஸ்'. 2024 பிப்ரவரியில் அதற்கு 3.4 கோடி சந்தாதாரர்கள். அந்த அலமாரியை நிரப்ப, 'கால் ஆஃப் டூட்டி' கேமின் சொந்தக்கார நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டை 2023 அக்டோபரில் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பணத்தை எங்கிருந்தாவது திருப்பி எடுக்க வேண்டுமே! கேம்கள் ஒவ்வொன்றாக பிளே ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தன. 2024 ஜனவரியில் கேமிங் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது.

அப்படி முதலில் போன நான்கு கேம்களில் ஒன்று 'ஹைஃபை ரஷ்'. விமர்சகர்கள் கொண்டாடிய, விருதுகள் வாங்கிய கேம். 2024 மே மாதம் அதை உருவாக்கிய டோக்கியோவின் டாங்கோ ஸ்டூடியோவையே மூடுவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. நல்ல கேம் செய்தாலும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை! கடைசியில் அந்த அணியைக் காப்பாற்றியது யார் தெரியுமா? நம் பசங்களுக்கு பிஜிஎம்ஐ மூலம் பழக்கமான தென்கொரியாவின் கிராஃப்டன்.

2025-ல் விலையும் ஏறியது. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த சீரிஸ் எக்ஸ், ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏறி 649.99 டாலர் ஆனது. ஐந்து வருடப் பழைய எலெக்ட்ரானிக் பொருள் விலை குறையத்தானே வேண்டும்? கேம் பாஸ் அல்டிமேட் சந்தா 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது.

இனி?

'தோற்றவர்கள் மீண்டதே இல்லையா?' என்றால் நின்டெண்டோவைச் சொல்லலாம். அதன் 'வீ யூ' வெறும் 1.36 கோடிதான் விற்றது. அடுத்து 2017-ல் வந்த 'ஸ்விட்ச்' 15 கோடியைத் தாண்டியது. அவர்களிடம் சேமிப்பு இருந்தது. அதைவிட முக்கியமாக, மரியோவையும் செல்டாவையும் போட்டி கன்சோல்களுக்குக் கொடுக்கவில்லை.

மைக்ரோசாஃப்டுக்குப் பணம் பிரச்னையே இல்லை. ஆனால், 'போன், லேப்டாப், டி.வி எல்லாமே எக்ஸ்பாக்ஸ்தான்' என்று 2024-ல் விளம்பரம் செய்ததே அந்த நிறுவனம்தான். அடுத்த கன்சோலுக்கு ஏ.எம்.டி-யுடன் சேர்ந்து சிப் உருவாக்குவதாக 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். ஆக, பெட்டி வரும். ஆனால் அது எல்லோர் வீட்டுக்குமான பெட்டியாக இருக்காது, விலை அதிகமான, கிட்டத்தட்ட கம்ப்யூட்டர் மாதிரியான ஒன்றாக இருக்கும் என்பது என் கணிப்பு. கேம் விற்கும் கம்பெனியாக மைக்ரோசாஃப்ட் நன்றாகவே இருக்கும். சங்கடம், பத்து வருடமாக எக்ஸ்பாக்ஸில் காசு கொட்டி கேம் சேர்த்தவர்களுக்குத்தான். கடை மாறினால் அந்த கேம்கள் கூட வராது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் எக்ஸ்பாக்ஸ் கேட்டு நச்சரிக்கிறார்களா? வாங்குவதாக இருந்தால், கேம்களின் மேல் 'எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவற்றை ஒருமுறை வாங்கினால் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஆடலாம். நாளைக்கே பெட்டி நின்றுபோனாலும், அந்த கேம்களாவது கையில் இருக்கும்.