நீருக்கடியில் இரண்டு ஒளிகள்

ஒரு படம் வெளுத்துப்போகாமலும் இருண்டு அடைபடாமலும் அமைய, கேமராவின் உணரியில் விழ வேண்டிய ஒளியின் அளவையே ஒளிப்படக் கலைஞர்கள் எக்ஸ்போஷர் என்கின்றனர். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, கிடைத்த ஒளியை உணரியின் மின்சுற்று எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றுக்கு முறையே அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று பெயர். ஒளியை இரு மடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப் எனப்படும். கரையில் இந்தக் கணக்கையெல்லாம் கைக்கடக்கமான காம்பாக்ட் கேமரா தானாகவே போட்டுக்கொள்கிறது. அதே கேமரா நீருக்கடியில் தடுமாறுவதற்குக் காரணம், அங்கே ஒரே படத்துக்குள் இரண்டு வேறுபட்ட ஒளிகள் கலந்துவிடுவதுதான்: மேலிருந்து இறங்கும் வெயில் ஒன்று, கேமரா கொண்டுவரும் ஃபிளாஷ் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே அளக்கக் கற்றுக்கொண்டவருக்கு விலையுயர்ந்த கேமரா தேவைப்படுவதில்லை.

வெயில் நீர்ப்பரப்பில் படும்போதே ஒரு பங்கு தெறித்துத் திரும்பிவிடுகிறது. சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் இந்த இழப்பு மிகுதி என்பதால், இயற்கை ஒளியை நம்பிப் படமெடுப்போர் முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட பொழுதையே நாடுகின்றனர். உள்ளே நுழைந்த ஒளியிலும் எல்லா நிறங்களையும் நீர் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. அலைநீளம் மிகுந்த சிவப்பு முதலில் போகிறது; தெளிந்த கடலிலும் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் அது பெரும்பாலும் மங்கிவிட, அடுத்து ஆரஞ்சும் அதன்பின் மஞ்சளும் குறைந்து, நீலமும் பச்சையுமே எஞ்சுகின்றன. இதில் ஆழத்தை மட்டும் கணக்கில் கொள்வது போதாது. 4 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பவளப்பாறையை 3 மீட்டர் தள்ளி மிதந்தபடி எடுப்பவரின் கேமராவுக்கு ஒளி வந்து சேரும் நீர்வழி 7 மீட்டர் ஆகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த காட்சி படத்தில் நீலச்சாம்பல் பூசியதாக வந்து நிற்கிறது.

காம்பாக்ட் கேமராவின் எல்லைகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முழுச்சட்டக உணரியின் அகலம் 36 மில்லிமீட்டர் என்றால், ஒரு அங்குல வகை எனப்படும் உணரியின் அகலம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். அதனினும் சிறிய கேமராக்களில் அது 6 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. இவ்வளவு சிறிய பரப்பில் விழும் ஒளி குறைவு என்பதால், ஐஎஸ்ஓவை உயர்த்தியதும் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. மிகச் சிறிய உணரிகளில் 400ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. துவாரத்தை எஃப்/8 வரை சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து விரிவதால் படத்தின் கூர்மை மழுங்குகிறது. ஆயினும் சிறிய உணரியோடு ஓர் ஆதாயமும் வருகிறது: அகன்ற கோணத்தில் முன்னும் பின்னும் நெடுந்தொலைவு வரை எல்லாம் தெளிவாக விழுவதால், கூர்மைக்காகத் துவாரத்தைச் சுருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் எழுவதில்லை.

ஃபிளாஷ் இன்றி வெயிலை மட்டும் கொண்டு எடுப்பதற்கு ஆழமற்ற பவளத்திட்டுகளே ஏற்றவை. இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூச்சுக்குழாய் அணிந்து மிதப்பவருக்குக் கீழே, சில மீட்டர் ஆழத்துக்குள், உடைந்த பவளத்துண்டுகள் வெண்மையாகப் பரவிக் கிடக்க, அவற்றின்மேல் துடுப்பின் முனை கறுத்த சுறாக்கள் நழுவிச் செல்வதுண்டு. தானியங்கி முறையில் உள்ள கேமரா, காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியைக் கணக்கிடும் என்பதால், இந்த வெண்மையைக் கண்டதும் படத்தை இருட்டாக்க, சுறா நிழலுருவாகிவிடுகிறது. அதை மீட்பதற்காக ஒளியை அதிகம் கூட்டினாலோ, அலைகள் வெயிலைக் குவித்துத் தரையில் ஓடவிடும் ஒளிக்கோடுகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக வெளுத்துப்போகின்றன. இருண்ட பாறைச்சுவரை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் நேர்மாறாக, இருட்டை ஈடுகட்ட முயன்று சுற்றியுள்ள நீலத்தைப் பால்போல் வெளுக்கச் செய்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்ற அமைப்பு, கேமராவின் கணக்கை மூன்றிலொரு ஸ்டாப் அளவாகக் கூட்டவோ குறைக்கவோ இடந்தருகிறது. இருண்ட பின்புலத்தில் அதை ஒரு ஸ்டாப் வரை குறைத்தும், வெண்தரையில் ஒளிக்கோடுகள் தாங்கும் மட்டும் சற்றே கூட்டியும் வைப்பது பொருந்தும். நண்பகல் வெயிலில், ஓரிரு மீட்டர் தெளிந்த நீரில், ஐஎஸ்ஓ 100, எஃப்/4, 1/500 நொடி என்ற அளவுகளில் தொடங்கித் திருத்திக்கொள்ளலாம்; நீந்தும் சுறா அசைவால் கலங்காமல் விழவும் இந்த வேகம் போதும்.

ஆழம் கூடக் கூட இரண்டாவது ஒளி தேவைப்படுகிறது. 1893இல் தென் பிரான்ஸின் பன்யுல்ஸ் கடற்கரையில் நீருக்கடியில் படமெடுத்த லூயி பூத்தான், இயற்கை ஒளியை நம்பி 30 நிமிடம் வரை ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 1926இல் ஃபுளோரிடாவை அடுத்த டிரை டோர்டுகாஸ் தீவுப் பகுதியில் வில்லியம் லாங்லியும் சார்ல்ஸ் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, நீர்மேல் மிதந்த தெப்பத்தில் மெக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து அந்த ஒளியைக் கீழே அனுப்பினார்கள். இன்றைய ஃபிளாஷ் அபாயமற்றது. ஆயினும் அதன் ஒளியும் அதே நீரைத்தான் கடக்க வேண்டும். 30 சென்டிமீட்டரில் இருந்த மீன் 60 சென்டிமீட்டருக்கு விலகினால், பரவும் ஒளியின் இயல்பினாலேயே அதன்மேல் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது, அதாவது இரண்டு ஸ்டாப். நீர் உறிஞ்சுவது அதற்கும் மேலான இழப்பு. ஒரு மீட்டருக்கு அப்பால் சிறு கேமராவின் ஃபிளாஷை நம்புவது வீண் என்றே கொள்ளலாம். நெருங்கிச் செல்வதற்கு இணையான எக்ஸ்போஷர் திருத்தம் வேறில்லை என்பது இதனால்தான்.

லென்ஸை ஒட்டியே ஃபிளாஷ் அமைந்திருப்பது காம்பாக்ட் கேமராவின் இன்னொரு குறை. இடையே மிதக்கும் நுண்துகள்கள் நேரெதிரே ஒளிபெற்று, படமெங்கும் வெள்ளைப் பொட்டுகளாகப் பதிகின்றன. முக்குளிப்போர் இதைப் பேக்ஸ்கேட்டர் என்கின்றனர். மழைக்குப் பின் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கலங்கல் நீரில் இது படத்தையே மறைத்துவிடும். ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷைக் கேமராவோடு இணைந்த தாங்குகைகளில் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளிவைத்து, அதன் ஒளிக்கற்றையின் விளிம்பு மட்டும் மீனைத் தொடும்படி சற்று வெளிநோக்கித் திருப்பினால், லென்ஸுக்கு முன்னுள்ள நீர் ஒளிபெறாமல் தப்புகிறது. கேமராவின் சொந்த ஃபிளாஷ் ஒளி, ஹவுசிங் எனப்படும் நீர்புகா உறையிலிருந்து ஒளியிழை வழியே சென்று ஸ்ட்ரோபை இயக்குவதால் மின்கம்பி இணைப்பு தேவைப்படுவதில்லை. அந்தச் சொந்த ஃபிளாஷை மிகக் குறைந்த திறனில் வைத்தால் பேட்டரியும் நீடிக்கும், அடுத்த படத்துக்கான காத்திருப்பும் குறையும்.

இரண்டு ஒளிகளையும் பிரித்தாளும் நுட்பம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஃபிளாஷ் மின்னுவது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி மட்டுமே என்பதால், ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் 1/500 நொடி திறந்திருந்தாலும் மீனின்மேல் விழும் ஃபிளாஷ் ஒளி ஏறத்தாழ மாறாது. பின்னணியில் உள்ள வெயில் ஒளி மட்டும் ஷட்டரின் வேகத்துக்கேற்பக் கூடிக்குறையும். ஆகவே மீனின் வெளிச்சத்தைத் துவாரம், ஃபிளாஷின் திறன், தொலைவு ஆகியவற்றாலும், பின்னணி நீலத்தின் அடர்த்தியை ஷட்டராலும் தனித்தனியே அமைக்கலாம். பெரிய கேமராக்களின் திரைவகை ஷட்டரில் ஏறத்தாழ 1/250 நொடி வரையே ஃபிளாஷ் இயங்கும். சோனி ஆர்எக்ஸ்100 போன்ற காம்பாக்ட்களில் லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் இருப்பதால் 1/2000 நொடி வரை ஃபிளாஷைப் பயன்படுத்த முடிகிறது. மேல்நோக்கிப் படமெடுக்கும்போது கண்கூசும் சூரியனை அடக்கி, அதன் கதிர்களைத் தனித்தனியே தெரியவைக்க இதைவிட ஏற்ற கருவி அரிது. சிறிய கேமரா பெரியதை வெல்லும் இன்னோர் இடம் இது எனலாம். ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற, உறையின்றியே 15 மீட்டர் வரை தாங்கும் கேமராக்களில் ஷட்டரை நேரடியாக அமைக்கும் வசதி இல்லை. அவற்றில் ஐஎஸ்ஓவையும் காம்பென்சேஷனையும் கொண்டே ஈடுகட்ட வேண்டும்.

பாறை, சீலா போன்ற மீன்களின் வெள்ளிச் செதில்கள் ஃபிளாஷைக் கண்ணாடிபோல் திருப்பியடிப்பதால், கடற்சாமந்திக்குள் ஒதுங்கும் கோமாளி மீனுக்குப் பொருந்திய திறன் அவற்றுக்கு மிகையாகிவிடும். ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் குறைப்பதும், மீன் பக்கவாட்டில் சற்றுத் திரும்பும்வரை பொறுத்திருப்பதும் உதவும்.

எடுத்த படத்தை அங்கேயே சரிபார்க்கத் திரையை நம்பக் கூடாது. சுற்றிலும் இருண்ட நீருக்கு நடுவே ஒளிரும் சிறு திரையில் மங்கிய படமும் பிரகாசமாகவே தோன்றும். படகில் ஏறிய பிறகுதான் அது இருண்டிருப்பது தெரியவரும். படத்திலுள்ள கருமை முதல் வெண்மை வரையான பகுதிகளின் பங்கீட்டை மலைமுகடுபோல் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் இந்த மயக்கத்துக்கு ஆளாவதில்லை. அதன் வலக்கோடியில் முகடு முட்டி நின்றால் அந்த வெண்மையில் விவரம் எதுவும் பதியவில்லை என்று பொருள். சிறிய உணரிகளில் வெளுத்த பகுதியை மீட்கவே முடியாது என்பதால், ஐயம் எழும்போது சற்றே இருட்டாக எடுப்பது மேல். உணரி தந்த தகவலைக் கேமராவுக்குள் படமாகப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் எடுத்திருந்தால், இருட்டிய பகுதிகளையும் நிறச்சாய்வையும் கணினியில் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். 5 மீட்டரில் வெயிலில் எடுத்த படத்துக்கு இது பெரிதும் உதவும். 20 மீட்டரில் ஃபிளாஷின்றி எடுத்ததற்கோ, சிவப்பு ஒளி ஏறத்தாழப் பதிவாகவே இல்லாத காரணத்தால், மென்பொருள் பெருக்கித் தருவது செந்நிறப் புள்ளிகளைத்தான்.