சொல்லாமல் விற்பது முறையா?

கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என எங்கும் எமது இளைஞர் பலர் கணினி விளையாட்டுகளைப் பணம் கொடுத்தே வாங்குகின்றனர். அவர்களது நிலையை 2024ஆம் ஆண்டின் 'ஹெல்டைவர்ஸ் 2' விவகாரம் உணர்த்தியது.

சுவீடனின் எரோஹெட் நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட இவ்விளையாட்டின் கணினிப் பதிப்புக்குச் சோனியின் இணையக் கணக்கு கட்டாயம் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பக் கோளாறினால் பெப்ரவரியில் அது தளர்த்தப்பட்டது. தளர்வு தற்காலிகமானதே என்பது தெளிவாக உணர்த்தப்படவில்லை. மே மாதத்தில் கணக்கு கட்டாயமென அறிவிக்கப்பட்டபோது, சோனியின் அச்சேவையே வழங்கப்படாத இலங்கை போன்ற நாடுகளில் வாங்கியோர் திகைத்தனர். உலகளாவிய எதிர்ப்பினால் சில நாட்களிலேயே முடிவு கைவிடப்பட்டது.

நிபந்தனையை விற்குமுன் தெளிவாகக் கூறுவதே நேர்மையான வணிகமாகும். சிறிய சந்தை என்பதற்காக எமது நுகர்வோர் மறக்கப்படலாகாது. வாங்குவோரும் அச்சேவை இந்நாட்டில் உண்டா என முதலில் விசாரித்தறிவது நன்று.